படலையில் ஆரும் வந்து நிண்டால்

யாழ்ப்பாணத்துப் பாசையூர் அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு வெளியூர்ச் சனம் கனபேர் வருவினம். படலையில் ஆரும் நிண்டால், பேர் ஊர் கேட்க முதல் "வாங்கோ, இருங்கோ" எண்டு விறாந்தையில் கதிரையைப் போடுங்கோ. முதல் தண்ணி. பிறகு பனங்கட்டியோட தேத்தண்ணி. பைபிளில் தொடக்கநூல் 18இல் ஆபிரகாமும் அப்பிடித்தான்: வந்த வழிப்போக்கரிட்ட ஓடிப்போய்க் கும்பிட்டு, கால் கழுவத் தண்ணி தந்து, மர நிழலில் இருத்தினார், சமையல் அதுக்குப் பிறகுதான். இந்த ஒழுங்கு எனக்குச் சரியான விருப்பம், களைச்சு வந்தவருக்கு முதல் வேண்டியது இருக்க ஒரு இடமல்லோ.

சமயம் விசாரிக்காதேங்கோ. மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடுவினமோ எண்டு மட்டும் கேளுங்கோ; சைவமெண்டால் புட்டுக்குச் சம்பல் போதும். மத்தேயு 25:35இல் ஆண்டவர் தன்னையே அந்நியராகச் சொல்லுறார்.

போகேக்க பஸ் எடுக்கிற சந்தி வரைக்கும் கூடப் போங்கோ. ஆபிரகாமும் கொஞ்சத் தூரம் கூட நடந்துதான் வழியனுப்பினவர்.