புதுவை, கடலூர் மண்பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது எப்படி?

மவுண்டன் பைக் என்ற பெயரில் ஒரு சைக்கிளை வாங்கிவிட்டு, மலையே இல்லாத ஊரில் இதை எங்கே ஓட்டுவது என்று கேட்கும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அகலமான டயரும் இலகுவான கியரும் மலைக்கு மட்டும் உரியவை அல்ல. ஏரிக்கரை, மாட்டுவண்டித் தடம், முந்திரித் தோப்புகளின் நடுவே போகும் செம்மண் பாதை, வாய்க்காலை ஒட்டிய ஒற்றையடிப் பாதை என்று நம் பக்கத்தில் இருப்பவை அனைத்தும் இந்தச் சைக்கிளுக்கு ஏற்றவையே. இவற்றில் நன்றாக ஓட்டத் துணிச்சல் அவ்வளவாகத் தேவையில்லை. சக்கரத்தின் கீழே இருப்பது என்ன மண், அது ஈரத்தில் எப்படி மாறும், காய்ந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிந்துகொள்ளும் பழக்கமே தேவை.

சைக்கிளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) உள்ள சாதாரண கியர் சைக்கிள் போதுமானது. பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ளது இந்தப் பாதைகளுக்கு வீண் எடையும் வீண் செலவும் ஆகும். சீட்டின் உயரத்தைச் சரியாக வைப்பதுதான் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும்; பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். நம்மில் பெரும்பாலோர் தரையில் கால் ஊன்ற வசதியாக இருக்கட்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, பத்துக் கிலோமீட்டர் போனதும் முழங்கால் வலிக்கிறது என்கிறோம்.

டயரில் காற்று எவ்வளவு என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒன்றைத் திருத்தினாலே பாதி சிரமம் தீர்ந்துவிடும். தார்ச்சாலையில் ஓடுவதற்காகக் கல்போல் இறுக அடைத்த டயர் சரளையில் துள்ளும், மணலில் புதையும். ஏறத்தாழ இரண்டு அங்குல அகலமுள்ள டயருக்கு, எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் மண்பாதையில் 30 முதல் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை வைத்துக்கொள்ளலாம். முன் சக்கரத்தில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைவாக இருந்தால் திருப்பங்களில் பிடிமானம் கூடும். அதற்காக மிகவும் குறைத்துவிடவும் கூடாது. கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் விழுந்துவிடும். காற்றழுத்தம் காட்டும் மீட்டருள்ள கைப்பம்ப் ஒன்றை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இனி மண். கடலூர் கேப்பர் மலையிலும், பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காடுகளிலும், ஆரோவில்லைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்திலும் இருப்பது செம்மண். இதன் அடியில் உள்ள பாறைக்கு நிலவியலாளர்கள் 'கடலூர் மணற்கல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் இந்தப் பாறையில் இருப்பவையே. இந்த நிலம் காய்ந்திருக்கும்போது மேலே உருண்டை உருண்டையாகச் சரளைக் கற்கள் சிதறிக் கிடக்கும். திருப்பத்தில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு பிரேக் பிடித்தால் முன் சக்கரம் சரேலென்று வழுக்கிவிடும். ஆகவே திருப்பத்துக்கு முன்னரே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்குகளையும் ஒவ்வொரு விரலால் மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு பிரேக்கை விட்டுத் திரும்ப வேண்டும். இறக்கத்தில் சீட்டிலிருந்து சற்றே எழுந்து, இரண்டு பெடல்களையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, முழங்கையையும் முழங்காலையும் தளர்வாக வைத்துக்கொண்டால் குலுக்கலைச் சைக்கிள் வாங்கிக்கொள்ளும். உடல் அதன்மேல் மிதந்துகொண்டு வரும். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் பாருங்கள். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போனால் பள்ளத்தில்தான் இறங்குவோம்.

பாகூர்ப் பக்கத்து வயல்வெளி வேறு வகை. அங்கே வண்டல் கலந்த களிமண். வெயிலில் சிமெண்ட் போல இறுகிக் கிடப்பது, ஒரு மழைக்குப் பிறகு டயரில் அப்பிக்கொண்டு, ஃபோர்க்குக்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) சக்கரத்துக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றவே முடியாதபடி செய்துவிடும். குதிகாலால் கரையை அழுத்திப் பாருங்கள். செருப்பின் தடம் ஆழமாகப் பதிந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். அதையும் மீறி ஓட்டினால் நமக்கு மட்டும் சிரமம் அல்ல. டயர் பதித்த கோட்டில் அடுத்த மழைத் தண்ணீர் இறங்கிக் கரையை அரிக்கும். தென்பெண்ணை ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் உள்ள மணலுக்கு இன்னொரு முறை உண்டு. மணல் வருவதற்கு முன்பே இலகுவான கியருக்கு மாற்றி, எடையைச் சற்றுப் பின்னால் தள்ளி, ஹேண்டிலை இறுகப் பிடிக்காமல், மிதிப்பதை ஒரு நொடியும் நிறுத்தாமல் போக வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் இந்த வட்டாரத்தில் சைக்கிளைப் பற்றிப் பேச முடியாது. சீமைக் கருவேலம் இல்லாத ஏரிக்கரையை நான் பார்த்ததில்லை. பழகிய புதிதில் ஒரு நாள் காலை, பாகூர் ஏரிக்கரையில் பின் டயர் இறங்கிவிட்டது. பெருமையோடு டியூபைக் கழற்றிப் புது டியூபைப் போட்டுக் காற்றடித்து நூறு அடி போவதற்குள் அதுவும் இறங்கியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து உட்கார்ந்து, "தம்பி, முள்ளு உள்ளயே இருக்குது பாரு, அத எடுக்காம எத்தன டியூபு மாத்துனாலும் நிக்காது" என்றார். தோளில் கிடந்த துண்டின் நுனியை டயரின் உட்பக்கத்தில் வைத்து மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நூல் மாட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புப் புள்ளிகூடத் தெரியாத அந்த இடத்தில், உள்ளே அரிசி முனை அளவுக்கு முள் ஒடிந்து நின்றுகொண்டிருந்தது. அதை நகத்தால் பிடுங்க முடியாமல், ஒரு கல்லால் வெளிப்பக்கம் தட்டி உள்ளே வரச் செய்து எடுத்தார். விரலால் தடவாமல் துணியால் தடவுங்கள். விரல் கிழியாது, முள்ளும் தப்பாது. அன்றிலிருந்து என் பையில் ஒரு சிறிய பருத்தித் துணி, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லீவர்கள், ஒரு டியூப், சிறிய பம்ப், ஒரு சாமணம் ஆகியவை எப்போதும் இருக்கின்றன. டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் தடுப்புத் திரவமும் சிறிய முட்களுக்கு நன்றாகவே உதவுகிறது.

முதல் முறை போகிறவர்களுக்குப் பாகூர் ஏரிக்கரையையே நான் சொல்வேன். புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. பெண்ணையாற்று நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. மூலநாதர் கோயில் அருகே காலையில் புறப்பட்டால் ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரு பக்கம் தண்ணீரும் ஒரு பக்கம் வயலுமாக நிதானமாகப் பழகலாம். அது கைவந்த பிறகு கேப்பர் மலையின் சிறிய ஏற்றங்களுக்கும் திருவந்திபுரம் பக்கத்துச் செம்மண் தடங்களுக்கும் போகலாம். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம் என்பதால், வலசைப் பறவைகள் வந்திருக்கும் குளிர்மாதங்களில் நீர்விளிம்பை ஒட்டி ஓட்டாமல் தள்ளியே இருப்பது முறை. ஆரோவில் பக்கத்தில் மழைநீரைத் தேக்குவதற்காகப் போட்டிருக்கும் சிறிய மண்வரப்புகளின் மேல் ஏறிக் குதித்து விளையாடக் கூடாது. வெறும் செம்மண் பொட்டலாகக் கிடந்த நிலம் காடானதில் அந்த வரப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பாதைகள் எவையும் சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. களை எடுக்கப் போகும் பெண்கள், கரும்பு ஏற்றிய வண்டி, மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள் ஆகியவற்றுக்கே முதல் உரிமை. மாட்டின் பின்னால் வந்து மணி அடித்தால் அது மிரண்டு வயலில் இறங்கும். தொலைவிலேயே மெதுவாக்கி, "அக்கா, கொஞ்சம் ஓரமாப் போயிக்கிறேன்" என்று குரல் கொடுத்தால் போதும். எதிரில் வண்டி வந்தால் இறங்கி நின்றுவிடுங்கள். முந்திரித் தோப்பு ஒவ்வொன்றும் ஒருவருடைய பிழைப்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த பிறகு, மறுபடி நட்டுக் காய்க்க வைக்க அவர்களுக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை அந்த ஊர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோப்புக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பூவும் பிஞ்சும் இருக்கும் மாதங்களில் வெளித் தடத்தோடு நின்றுகொள்ளுங்கள். முந்திரிக் கிளைகள் தாழ்ந்து படர்பவை என்பதால் ஹெல்மெட்டோடு கண்ணாடியும் அணிவது அவசியம். களத்துமேட்டு நாய்கள் துரத்தினால் வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து கரை இறுகிய பிறகு, தை முதல் பங்குனி வரை மிக நல்ல காலம். சித்திரை, வைகாசியில் விடியும்போதே புறப்பட்டு எட்டரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும்; ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீராவது தேவை.

வீடு திரும்பியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நம் ஊர்க் கடற்காற்றில் உப்பு உண்டு. செம்மண் தூசியோடு அது சேர்ந்தால் செயின் ஒரே வாரத்தில் பழுப்பேறிவிடும். பழைய துணியால் செயினைப் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, துணியில் கறுப்பு குறையும் வரை துடையுங்கள். பிறகு ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சொட்டு என்று செயின் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் கழித்து வெளியில் மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள்.