மாலுமிகள் அணிந்த தரைப்படைச் சின்னங்கள்: சேகரிப்போருக்குச் சில வழிமுறைகள்

முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் பிரிட்டிஷ் கப்பல்களுக்குத் தேவைப்பட்டது போக எஞ்சியிருந்த ரிசர்வ் மாலுமிகளைக் கொண்டு, அப்போது கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அமைத்த தரைப்படைப் பிரிவே ராயல் நேவல் டிவிஷன். ட்ரேக், ஹாக், ஹூட், ஹௌ, நெல்சன், ஆன்சன், பென்போ, காலிங்வுட் என்று அதன் எட்டு மாலுமிப் பட்டாலியன்களுக்கும் பழைய அட்மிரல்களின் பெயர்களே சூட்டப்பட்டன. இவற்றின் சின்னங்களைச் சேகரிக்க விரும்புவோர் முதலில் ஆண்டுகளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். போலிகளில் பல அங்கேயே பிடிபட்டுவிடும்.

பட்டாலியன்வாரியான பித்தளைத் தொப்பிச் சின்னங்கள், டிவிஷன் ராணுவத்தின் பொறுப்புக்கு மாறி 63ஆம் எண்ணைப் பெற்ற 1916இல்தான் வழக்கத்துக்கு வந்தன. ஆகவே, ஹூட் பட்டாலியனில் பணியாற்றி 1915 ஏப்ரல் 23இல் இறந்த கவிஞர் ரூபர்ட் புரூக்கின் தொப்பியில் இருந்ததென்று ஒரு சின்னத்தை யாரேனும் நீட்டினால், விலை கேட்காமலே நகர்ந்துவிடலாம். துருக்கியின் கல்லிப்போலிப் போர்முனையில் 1915 ஜூன் 4ஆம் நாள் பேரிழப்பைச் சந்தித்த காலிங்வுட்டும் அதனுடன் பென்போவும் அந்த மாதமே கலைக்கப்பட்டுவிட்டதால், முழுத் தொகுப்பு என்பது ஆறு சின்னங்கள்தான். எட்டையும் பெட்டியில் அடுக்கித் தரும் வியாபாரியின் தாராளத்தைச் சந்தேகிப்பதே நல்லது.

அடுத்து, உருவத்தையும் வாசகத்தையும் பார்க்க வேண்டும். ஹாக் சின்னத்தில் பருந்தும் 'ஸ்ட்ரைக்' என்ற சொல்லும் இருக்கும். ஹூட் சின்னத்தில் நங்கூரத்துடன் நிற்கும் பறவையும், ஆன்சன் சின்னத்தில் 'மனம் தளராதே' என்று பொருள்படும் லத்தீன் வாசகமும் காணப்படும். பிறகு சின்னத்தைத் திருப்பிப் பாருங்கள். அச்சில் அடித்த தகட்டில் முன்புற மேடுகள் பின்புறம் பள்ளங்களாகத் தெளிவாகத் தெரியும். வார்த்தெடுத்த போலியிலோ பரப்பு சொரசொரப்பாகவும் எழுத்துகளின் விளிம்பு மழுங்கியும் இருக்கும். பழைய அச்சுமுறையிலேயே பின்னாளில் அடிக்கப்பட்டவை இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதால், மேடுகளின் தேய்மானமும் பள்ளங்களில் படிந்த அழுக்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது அவசியம். தயாரிப்பாளரின் முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். அதையும் போலியில் பொறிக்க முடியும்.

சின்னத்தில் அணிந்தவரின் பெயர் இராது. ஒரு மனிதரைத் தேடிச் செல்ல விரும்பினால், விளிம்பில் பெயரும் எண்ணும் பொறித்த பதக்கத்தையும் சேர்த்து வாங்கி, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பணிக்குறிப்பு அட்டைகளோடு ஒப்பிடலாம்.

வாங்கிய பிறகு, குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். நூறாண்டுக் களிம்பு போனால் மதிப்பில் பெரும்பகுதியும் அதோடு போய்விடும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, அமிலமற்ற தாளில் பொதிந்து, ஈரம் புகாத பெட்டியில் வைத்தால் போதும்.