மறைவுக்குள் உட்கார்ந்தும் பறவை ஏன் கிட்ட வரவில்லை?

கூந்தன்குளம், விஜயநாராயணம், டவுன் நயினார்குளம் என்று நம்ம திருநெல்வேலிப் பக்கம் குளத்துக்குக் குறைவே இல்லை. மழை ஓய்ந்து தை பிறந்தால் பறவையைப் படமெடுக்க லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். பச்சைத் துணிக் கூடாரமோ, நாலு கம்பு நட்டு ஓலை சாத்திய மறைவோ போட்டு அதற்குள் உட்கார்ந்த பிறகும், "ஒரு கொக்குகூட பக்கத்துல வரலை" என்கிற புலம்பல்தான். மறைவின் மேல் தப்பில்லை. நீங்கள் உள்ளே நுழைவதைப் பறவை பார்த்துவிட்டது.

இருட்டு பிரிவதற்கு முன்னாலேயே உள்ளே போய்விட வேண்டும். விடிந்துவிட்டதா? கூட ஒருவரை அழைத்துப் போங்கள், இரண்டு பேரும் நுழைந்து அவர் மட்டும் வெளியே வந்து கண்ணில் படும்படி நடந்து போகட்டும்; ஆள் போய்விட்டது என்று பறவை பெரும்பாலும் நம்பிவிடும்.

அடுத்த தவறு, மறைவின் பின்பக்கத்தைத் திறந்துபோடுவது. காற்று வரட்டும் என்று விடுகிறார்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் உங்கள் தலையும் கையும் கருப்பு நிழலாக அசைவது எதிர்க்கரை வரை தெரியும். பின்பக்கம் அடைத்திருக்க வேண்டும், சட்டை அடர்நிறமாக இருக்க வேண்டும், லென்ஸை மெதுவாகத் திருப்ப வேண்டும். வெள்ளை வேட்டியோடு வந்து உட்காருகிறவர்களை என்ன சொல்ல!

காலையில் எடுப்பதென்றால் கிழக்குக் கரையில் இருந்து மேற்கே பாருங்கள், வெயில் உங்கள் முதுகில் விழும். கொக்கு, கரண்டிவாயன் மாதிரி வெள்ளைப் பறவை கருத்த தண்ணீரில் நிற்கும்போது கேமரா ஏமாந்து இறகையெல்லாம் சுண்ணாம்பாக்கிவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தைப் பாதி வரை, குறையுங்கள். நிற்கிற நாரைக்கு ஷட்டர் வேகம் 1/500 விநாடி போதும், பறந்தால் 1/2000. பத்து மணிக்கு மேல் கானல் எழும்பிவிட்டால் எவ்வளவு விலை லென்ஸும் தூரத்துப் பறவையைக் கூர்மையாகத் தராது, அதற்கு லென்ஸைத் திட்டிப் பயனில்லை.

இதெல்லாம் படத்தைத்தான் கெடுக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் மறைவு போடுவது குஞ்சையே கொன்றுவிடும். மஞ்சள்மூக்கு நாரை நம்மூர் உச்சிவெயிலில் இறக்கையைக் குடைபோல விரித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சுவாங்கியபடி குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்கும். உங்களைக் கண்டு அது எழும்பினால் இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் கிடக்கும், காத்திருக்கும் காக்கைக்கு முட்டை கிடைக்கும். 2005-இல் பறவைகள் காப்பகமாக அறிவித்த திருப்புடைமருதூரில் ஆற்றங்கரை மரங்களுக்குக் கீழே நின்று கை தட்டி, பறக்கிற படத்துக்காகக் கிளப்பிவிடும் ஆட்களும் உண்டு. முட்டையையும் கூட்டையும் கலைப்பதை வேட்டை என்ற கணக்கிலேயே வைக்கிறது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே, தெருவோர மரத்திலும் வீட்டு மரத்திலும் கூடு கட்டுகின்றன. அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை, பறவைக்கும் அவர்கள் நடமாட்டம் பழக்கம். அங்கே போய்க் கூடாரம் விரித்தால் அதுதான் புதுப் பொருளாகத் தெரியும். "அண்ணாச்சி, திண்ணையில இருந்து எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், போதும்.