தேவாலா, பந்தலூர்: பழைய தங்க ஊர்களை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க

நீலகிரி மாவட்டத்தில் கூடலூருக்கு மேற்கே, கேரளாவின் வயநாட்டை ஒட்டிக் கிடக்கும் தேவாலாவும் பந்தலூரும் இன்றைக்குத் தேயிலை ஊர்கள். 1880-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் லண்டன் முதலீட்டாளர்கள் பணத்தைக் கொண்டுவந்து கொட்டிய தங்க ஊர்கள் இவை. காப்பித் தோட்டங்கள் நொடித்துக் கிடந்த நேரம் அது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையில் இருந்த ப்ரோ ஸ்மித்தை அரசு 1879-இல் அமர்த்தியது. மறு ஆண்டே அவருடைய அறிக்கை வந்தது. அதை நம்பி டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. எதிர்பார்த்த தங்கம் கிடைக்காமல் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை மூடப்பட்டன.

இங்கே டிக்கெட் கொடுத்து உள்ளே விடும் சுரங்கம் எதுவும் இல்லை. மலையைப் படிக்கத் தெரிந்தால் சாலையில் நின்றபடியே நிறையப் பார்க்கலாம். தெரியாமல் போனால் பச்சைத் தேயிலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை போவது நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழை அதிகம் கொட்டும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. மண்சரிவால் சாலை அடைபடும், பழைய குழிகளின் விளிம்பும் இளகி நிற்கும்.

நீலகிரிக்குள் வர வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டுமா என்று முன்கூட்டியே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை என்பதால் ஆளுக்கு 2 லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். அரைத்த கல்லோடு பாதரசத்தைச் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் தங்கம் பிரித்தார்கள். பின்னாளில் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்களும் அதையே செய்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் பாதரசம் போகாது.

முழங்கால் வரை வரும் சாக்ஸ் போட்டு, பேன்ட்டை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள். ஈரம் இருக்கும் நாளில் அட்டை ஏறும். 100 கிராம் கல்லுப்பைத் துணியில் முடிந்து, லேசாக நனைத்து வைத்திருந்தால் கடித்த அட்டை மேல் ஒற்றினால் போதும், விட்டுவிடும். பிடித்து இழுத்தால் கடிவாய் பெரிதாகி ரத்தம் நிற்க நேரமாகும்.

ஊட்டியில் தங்குபவர்கள் காலை 6 மணிக்கே கிளம்புவது நல்லது. கூடலூர் சுமார் 50 கிலோமீட்டர்; வளைவுகளும் இறக்கமுமாக 2 மணி நேரம் பிடிக்கும். இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கூடலூரில் பெட்ரோலும் காலைச் சாப்பாடும் முடித்துக்கொண்டு நாடுகாணி போங்கள். அங்கே சாலை பிரிகிறது. ஒன்று நிலம்பூருக்கு இறங்கும், மற்றது தேவாலா வழியாகப் பந்தலூருக்குப் போகும். கூடலூரிலிருந்து பந்தலூர் சுமார் 25 கிலோமீட்டர். பஸ்ஸிலும் போகலாம், பந்தலூர், சேரம்பாடி என்று போர்டு போட்ட வண்டியில் ஏறித் தேவாலாவில் இறங்குங்கள்.

நாடுகாணி தாண்டியதும் மெதுவாகப் போய், சாலைக்காக மண் வெட்டிய பக்கங்களைக் கவனியுங்கள். செம்மண்ணுக்கு நடுவே வெள்ளைப் பட்டை ஓடினால் அது வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்). தங்கம் இருந்தது இந்தக் கல்லில்தான். உடைந்த முகத்தில் துருப்பிடித்த பழுப்பும் தேன்கூடு போன்ற சின்னப் பொந்துகளும் தெரிகிறதா பாருங்கள். கல்லுக்குள் இருந்த இரும்புக் கந்தகம் (பைரைட்) மழையில் கரைந்துபோன இடம் அது. மேல்மட்டத்தில் இப்படி இளகிய கல்லில் தங்கம் தனியாக நின்றதால் எளிதாகப் பிரிந்தது. ஆழத்தில் அது கந்தகக் கல்லோடு ஒட்டிக் கிடந்தது. மேலே எடுத்த மாதிரியை நம்பி இயந்திரம் இறக்கியவர்களுக்கு அடியில் கிடைத்தது ஏமாற்றம்.

பளபளப்பைக் கண்டு ஏமாற வேண்டாம். நகத்தால் கீறினால் ஏடாகப் பிரிவது மைக்கா. கல்லைத் திருப்பும்போது ஒரு பக்கம் மின்னி மறுபக்கம் கறுத்தால் இரும்புக் கந்தகம். தங்கம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மஞ்சள்தான். பார்த்த கல்லை அங்கேயே போட்டுவிடுங்கள். வனப் பகுதியிலிருந்து கல் எடுப்பது குற்றம். சுத்தியலும் கடப்பாரையும் வண்டியில் இருந்தாலே விசாரணை வரலாம்.

சரிவில் ஒரே நேர்கோட்டில் பள்ளங்கள் வரிசையாக இருந்தால் கல் ஓடிய திசையில் தோண்டிக்கொண்டே போயிருக்கிறார்கள் என்று பொருள். அதற்குக் கீழே புல் சரியாக முளைக்காத மேடு தெரிந்தால் அது கழிவுக் கல்லாக இருக்கலாம்.

சுரங்க வாயைக் கண்டால் சாலையிலேயே நில்லுங்கள். ஒரு காலடிகூட உள்ளே வைக்கக் கூடாது. காற்று ஓடாத குகையில் பிராணவாயு குறைந்திருக்கும். வாசனையே தெரியாமல் மயக்கம் வரும், தூக்கப் போனவரும் அங்கேயே விழுவார். முட்டுக் கொடுத்த மரம் எப்போதோ மக்கிவிட்டது. செங்குத்துக் குழிகளை உண்ணிச்செடி மூடியிருக்கும், அடியில் தண்ணீர் நிற்கும். திருட்டுத்தனமாகத் தங்கம் தேடி இந்தக் குழிகளில் இறங்கியவர்கள் மண் சரிந்து இறந்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கையைப் பிடித்தே நடத்துங்கள்.

டீக்கடையில் விசாரிக்கும்போது "தங்கம் எங்கே கிடைக்கும்" என்று தொடங்கினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "அண்ணா, வெள்ளைக்காரன் காலத்தில் கல் அரைத்த மில் இங்கே எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். தோட்டப் பாதையில் இறங்குமுன் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். இங்குள்ள குடும்பங்களில் பல, 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் அமர்ந்தவை. லயன் வீடுகளை (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முன்பே ஓடை மணலை மரத்தட்டில் அலசித் தங்கம் எடுத்தவர்கள் பணியர், குறும்பர் என்ற பழங்குடியினர். அவர்கள் குடியிருப்புக்குள் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது.

மதியச் சாப்பாட்டைப் பந்தலூர் கடைவீதியில் முடித்துவிட்டு, நேரம் இருந்தால் சேரம்பாடி வரை போய் வரலாம். மாலை 4 மணிக்குத் திரும்பிவிடுங்கள். இருட்டினால் இந்தச் சாலையில் யானை நிற்கும். வளைவில் பார்த்தால் ஹாரன் அடிக்காமல், வண்டியை விட்டு இறங்காமல் மெல்லப் பின்னால் எடுங்கள். மைசூர் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.