‘கையில எவ்வளவு வரும்?’ என்று மட்டும் கேட்டால்

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “ஷிப்ட்டுக்கு எவ்வளவுங்க?” அடுத்த பேச்சு, “பி.எஃப். எல்லாம் வேண்டாமுங்க, கைலயே குடுத்துருங்க.” கம்பெனிக்காரர் காதுக்கு இதைவிட இனிப்பான பேச்சு இருக்காது. பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்குச் சம்பளத்தில் பிடிக்கும் உங்கள் பங்கு 12 சதவீதம் கைக்கு வந்துவிடும், சரி. அவர் தன் பணத்திலிருந்து போட வேண்டிய இன்னொரு 12 சதவீதம் அவரிடமே தங்கிவிடும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (பஞ்சப்படி) சேர்ந்து 15,000 ரூபாய்க்குள் இருந்தால் பி.எஃப். கட்டாயம். ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கும் கான்ட்ராக்டில் வருபவர்களுக்கும் இதேதான். முதலாளி பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள் என்றால், அது சட்டப்படி தப்பு.

சம்பளச் சீட்டில் கடைசி வரியை மட்டும் பார்த்து மடித்துப் பைக்குள் வைப்பது அடுத்த தவறு. பார்க்க வேண்டிய வரி மேலே இருக்கிறது: பேசிக். மாதம் 18,000 ரூபாய் என்று பேசி, பேசிக் 9,000, மீதி 9,000 ‘இதர படி’ என்று பிரித்திருப்பார்கள். பி.எஃப். 9,000-க்குத்தான் கணக்காகும், நீங்களும் முதலாளியும் ஆளுக்கு 1,080. பேசிக் 15,000 என்றிருந்தால் ஆளுக்கு 1,800. இப்போது கையில் 720 ரூபாய் கூட வருவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. பத்து வருஷம் கழித்து கிராஜுவிட்டி (பணிக்கொடை) வாங்கும்போதுதான் தெரியும். கடைசியாக வாங்கிய பேசிக், டி.ஏ.வை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் வேலை செய்த வருஷங்களாலும் பெருக்குவார்கள். 9,000 என்றால் சுமார் 51,900. 15,000 என்றால் சுமார் 86,500. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் கொடுக்கும் படியை பி.எஃப். கணக்கிலிருந்து ஒதுக்கி வைக்கக் கூடாது என்று 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீட்டுகள் அவ்வளவாக மாறவில்லை.

பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்ததும் பலர் பதறுவதும் உண்டு: “என்கிட்ட 1,080 பிடிச்சுட்டு, அவங்க 330-தான் கட்டியிருக்காங்க!” அதில் திருட்டு இல்லை. முதலாளியின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், இங்கே 750 ரூபாய், பென்ஷன் கணக்குக்குப் போகிறது. பக்கத்துப் பத்தியில் இருக்கும், பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் சண்டை போடலாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை இனிஷியல். ஆதாரில் ‘முருகன் எம்’, பி.எஃப். கணக்கில் ‘எம் முருகன்’, பேங்கில் அப்பா பெயரை விரித்து ‘முருகன் மாரிமுத்து’. மூன்றும் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? கல்யாணச் செலவுக்குப் பணம் எடுக்கப் போகும் அன்றுதான் இது வெளியே வரும். சேரும்போதே ஆதாரில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் கொடுமை. சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குப் பிடிப்பது 0.75 சதவீதம், 18,000-க்கு 135 ரூபாய். முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அந்தச் செலவைக் குறைக்க, மாசம் முழுக்க வேலை வாங்கிவிட்டு ரிஜிஸ்டரில் 10 நாள் மட்டும் காட்டுகிற இடங்கள் உண்டு. கார்டு கையில் இருப்பதால் தொழிலாளியும் நிம்மதியாக இருந்துவிடுகிறார். ஆனால் உடம்புக்கு முடியாமல் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை வாங்க, ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். மாதம் 10 நாள் என்றால் 60-தான் தேறும். மாத்திரை கிடைக்கும், காசு கிடைக்காது. உங்கள் பேரில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று இ.எஸ்.ஐ. இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

கம்பெனி மாறும்போதெல்லாம் பழைய பி.எஃப். கணக்கைத் துடைத்து எடுப்பதும் வழக்கமாகிவிட்டது. பென்ஷனுக்கு மொத்தம் 10 வருஷ சர்வீஸ் வேண்டும். நான்கு கம்பெனியில் மூன்று மூன்று வருஷம் உழைத்து, ஒவ்வொரு தடவையும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தவருக்கு 58 வயதில் கணக்கில் நிற்பது 12 வருஷம் அல்ல, சுழியம். கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான பழைய யு.ஏ.என். நம்பரையே புது இடத்தில் கொடுத்திருந்தால் போதும். புது நம்பர் வாங்கினால் சீக்கிரம் பணம் எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் அதற்கு எத்தனை ரூபாய் கமிஷன் வாங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.