இயற்கைத் தேர்வு: சொற்கள் நம்மைத் தடுக்கிவிடும் இடங்கள்

தேர்வு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பரீட்சைதான். 'இயற்கைத் தேர்வு' என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளையின் மனதில், இயற்கை என்று ஒருவர் உட்கார்ந்துகொண்டு 'நீ பாஸ், நீ ஃபெயில்' என்று சொல்வது போன்ற படம் விழுந்துவிடுகிறது. பெரியவர்களான பிறகும் பலருக்கு அந்தப் படம் மாறுவதில்லை. டார்வினை மறுப்பவர்களைவிட, ஏற்றுக்கொண்டு தப்பாகப் புரிந்துகொண்டவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தப்புகளில் பாதி, நாம் அன்றாடம் புழங்கும் சொற்களிலேயே ஒளிந்திருக்கின்றன.

விஷயம் மிக எளிமையானது. ஒரே இனத்தில் பிறந்தாலும் உயிர்கள் அச்சில் வார்த்தது போல இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளில் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகின்றன. பிறப்பவை எல்லாம் பிழைத்துக் குட்டி போடுவதும் இல்லை. இந்த மூன்றும் உண்மை என்றால், எந்த வேறுபாடு அந்த இடத்தில் பிழைக்கவும் பெருகவும் உதவுகிறதோ, அது அடுத்தடுத்த தலைமுறைகளில் கூடிக்கொண்டே போகும். நடுவில் யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சல்லடை எந்த மணியை நிறுத்தலாம் என்று யோசிக்கிறதா என்ன? 1858 ஜூலை 1 அன்று லண்டனில் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை ஆய்வாளர் சங்கத்தில், டார்வின், அதே யோசனையைத் தனியாகக் கண்டடைந்த வாலஸ் இருவரின் பெயரிலும் வாசிக்கப்பட்டது இந்த யோசனைதான். பார்த்துப் பார்த்துச் செய்தது போன்ற ஓர் உறுப்பு, பார்த்துச் செய்ய ஆள் இல்லாமலே உருவாகலாம் என்பதற்கு அதற்கு முன் யாரிடமும் தெளிவான விளக்கம் இல்லை. அதன் பெருமை அங்கே இருக்கிறது.

அடுத்த சொல் 'பழகிவிட்டது'. "கிருமி மருந்துக்குப் பழகிடுச்சு" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்போம்! மருந்தைப் பார்த்த கிருமி முயற்சி செய்து தன்னை மாற்றிக்கொண்டது போல இருக்கிறது இந்தப் பேச்சு. ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டி இலை தின்று கழுத்தை நீட்டிக்கொண்டது என்ற பழைய கதையும் இதே ரகம். 1952-இல் அமெரிக்க விஞ்ஞானிகளான ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதியர் இதைச் சோதித்துப் பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தட்டில் பாக்டீரியாக்களைக் கூட்டம் கூட்டமாக வளர்த்தார்கள். வெல்வெட் துணியை அதன்மேல் ஒற்றி, மருந்து கலந்த வேறு தட்டுகளில் அச்சுப் பதிப்பது போலப் பதித்தார்கள். எந்தக் கூட்டம் முதல் தட்டில் எந்த இடத்தில் இருந்ததோ, அதன் வாரிசு மற்றத் தட்டுகளிலும் அதே இடத்தில் இருக்கும். மருந்துத் தட்டுகளில் பெரும்பாலானவை செத்தன. சில மட்டும் பிழைத்தன. பிழைத்தவை எல்லாத் தட்டுகளிலும் அதே இடங்களில்தான் இருந்தன. பிறகு முதல் தட்டுக்குத் திரும்பி, அந்த இடத்தில் இருந்த பாக்டீரியாக்களை எடுத்துப் பார்த்தார்கள். மருந்தின் வாடையே படாத அவையும் மருந்தைத் தாங்கின.

ஆக, மாற்றம் முன்பே இருந்தது. மருந்து செய்தது மற்றவற்றை அழித்து அதற்கு இடம் விட்டதுதான். "எல்லாமே தற்செயல் என்றால் இவ்வளவு நேர்த்தி எப்படி வரும்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. மாற்றம் தோன்றுவது தற்செயல். அதில் எது நிலைக்கிறது என்பது தற்செயல் அல்ல.

இது வெறும் ஏட்டுச் சங்கதியும் அல்ல. 1940-களின் கடைசியில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்தபோது, முதலில் தேறியவர்கள் பலருக்குச் சில மாதங்களில் மருந்தைத் தாங்கும் கிருமிகள் பெருகிவிட்டன. அப்புறம்தான் கூட்டு மருந்து வந்தது. ஒரு மருந்தைத் தாங்கும் கிருமி லட்சக்கணக்கில் ஒன்று இருக்கலாம். இரண்டையும் சேர்த்துத் தாங்குவது அதைவிட மிக மிக அரிது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, ஏழைகளுக்கு வீட்டிலேயே கூட்டு மருந்து கொடுத்தாலும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்ததற்கு நிகராகக் குணமாகிறது என்று காட்டியது. இன்று காசநோய்க்கு ஒரே சமயத்தில் பல மாத்திரைகள் தருவதற்கும், மாதக்கணக்கில் விடாமல் சாப்பிடச் சொல்வதற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

'பரிணாம வளர்ச்சி' என்பதில் இருக்கும் 'வளர்ச்சி'யும் ஆளைக் கவிழ்க்கும் சொல். உயிர்கள் எல்லாம் ஏதோ ஏணியில் மேலே ஏறிக்கொண்டிருப்பதாகவும், உச்சிப்படியில் மனிதன் நிற்பதாகவும் அது நம்ப வைக்கிறது. பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுக் கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சின்னத் தீவு இருக்கிறது. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் பல பத்தாண்டுகள் அங்கே குருவிகளை ஒவ்வொன்றாக அளந்து குறித்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகள் தீர்ந்துபோய், நம் ஊர் நெருஞ்சியின் உறவுச் செடி ஒன்றின் முள் காய் போன்ற கெட்டியானவையே மிஞ்சின. சுமார் 1,200 ஆக இருந்த ஓர் இனத்துக் குருவிகள் ஏறக்குறைய 180 ஆகச் சுருங்கின. தடித்த அலகு உள்ளவையே அதிகம் தப்பின. அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது. எந்தத் தனிக் குருவியின் அலகும் வளரவில்லை, கூட்டத்தின் சராசரிதான் மாறியது.

சரி, அலகு தொடர்ந்து தடித்துக்கொண்டே போனதா? இல்லை. 1982-83-இல் எல் நினோவால், அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதால், பேய்மழை கொட்டியது. தீவு முழுக்கச் சிறு விதைகள் மண்டின. அதற்குப் பிந்தைய வறண்ட காலத்தில் சிறிய அலகுக் குருவிகளுக்கு அனுகூலமாகிவிட்டது. இதில் எது வளர்ச்சி, எது தேய்வு? அதனால் நான் 'பரிணாமம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

'குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது?' என்ற கேள்வியும் அந்த ஏணிப் படத்திலிருந்து வருவதுதான். சிம்பன்சி நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி. ஏறக்குறைய 60-70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதையிடமிருந்து இரண்டு வழியாகப் பிரிந்தோம்.

எனக்குக் கோபமே வரும் தவறு ஒன்று உண்டு: 'வல்லவன் வாழ்வான், அதுதான் டார்வின் சொன்னது' என்பது. இதற்கு மூலமான 'சர்வைவல் ஆஃப் த ஃபிட்டஸ்ட்' என்ற ஆங்கிலத் தொடரை 1864-இல் உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி. டார்வின் அதை 'உயிரினங்களின் தோற்றம்' என்ற தன் நூலின் 1869-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் எடுத்துக்கொண்டார். அதற்குத் தமிழில் 'தக்கன பிழைத்தல்' என்ற அருமையான சொல் இருக்கிறது. தக்க சமயம், தக்க துணை என்கிறோமே, அதே தக்க. இடத்துக்கும் நேரத்துக்கும் பொருந்துவது என்றுதான் பொருள். பலம் என்று அல்ல. கதிர் அரிவாள் வடிவ ரத்தச் சோகையைப் பாருங்கள். அதற்கான மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் கடுமையான நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், உயிரைப் பறிக்கும் மலேரியாவிலிருந்து பெருமளவு பாதுகாப்பு. 1954-இல் ஆந்தனி அலிசன் ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். இந்தியாவில் இந்த மரபணுவை முதன்முதலில் கண்டறிந்தது 1952-இல், நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம். மலேரியா உள்ள ஊரில் தக்கது, இல்லாத ஊரில் சுமை. இதில் வல்லவன் யார்? பலவீனரை ஒதுக்கவும், பிறப்பால் உயர்வு தாழ்வு பேசவும் டார்வினைத் துணைக்கு இழுப்பவர்களுக்கு இயற்கைத் தேர்வில் ஆதாரம் எதுவும் இல்லை. மேலும், இயற்கையில் ஒன்று நடக்கிறது என்பதாலேயே நாமும் அப்படி நடக்க வேண்டும் என்று ஆகிவிடாது.

கடைசியாக, 'டார்வின் கொள்கை' என்ற பேச்சு. கொள்கை என்றால் நமக்குக் கட்சிக் கொள்கைதான் நினைவுக்கு வரும். பிடித்தால் ஏற்கலாம், பிடிக்காவிட்டால் விடலாம். அறிவியல் கோட்பாடு அப்படி நிற்பதில்லை. எங்கே அடித்தால் தான் விழும் என்று அதுவே காட்டிவிட வேண்டும். டார்வின் அதைத் தன் நூலிலேயே செய்திருக்கிறார்: ஓர் உயிரினத்தின் ஏதேனும் ஓர் உறுப்பு வேறோர் இனத்தின் நன்மைக்காக மட்டுமே உருவானது என்று நிரூபித்தால், தன் கோட்பாடு அழிந்துவிடும் என்றார். அந்த நூல் வந்தது 1859-இல். அப்படி ஓர் உறுப்பை இதுவரை யாரும் கொண்டுவந்து காட்டவில்லை.