மொட்டைமாடியில் இருந்த கோளாறு

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குக் கடல் கூப்பிடு தூரம். கணினியில் ஆன்டெனா சிக்னலை வாங்கும் டிவி ட்யூனர் கார்டு பொருத்தி, தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவந்தேன். நொடிக்கு 6 மெகாபிட் வீதம் எம்பெக்-2 என்ற வீடியோ வடிவம், மணிக்கு 2.7 ஜிபி. தரத்தை நிலையாக வைத்து இன்னும் நன்றாகச் சுருக்கும் எச்.264 வடிவத்துக்கு மாற்றியும் கோப்பு இளைக்கவே இல்லை. மென்பொருளைச் சந்தேகித்து மூன்று இரவுகளைத் தொலைத்தேன்.

கோளாறு மொட்டைமாடியில் இருந்தது. ஆன்டெனா இணைப்பைக் கழற்றினால், செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றின் வேலை! சிக்னல் மெலிந்ததால் படமெங்கும் புள்ளிகள் கொதித்திருக்கின்றன. பிரேமுக்குப் பிரேம் இடம் மாறும் புள்ளிகளைச் சுருக்குவது எந்தக் கோடெக்குக்கும் (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) பெரும்பாடு. அவற்றையும் படமென்றே எண்ணி இடம் ஒதுக்கிவிடும்.

ஒரு சாண் கம்பியை வெட்டியெறிந்து, புது இணைப்பு மாட்டி, கிரீஸ் தடவி, மேலே ரப்பர் டேப் சுற்றினேன். அதே அமைப்பில் கோப்பு பாதியாகிவிட்டது.